தாலிக்கு விலை 29,000 பவுணா?

கட்டிய மனைவியைத் தன்னுடன் வைத்துக் குடும்பம் நடத்த விரும்பும் ஒருவர் ஆண்டொன்றுக்கு 29,000 பவுண் உழைத்துக் காட்டவேண்டும் என்று ஓர் அரசாங்கம் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 11ஆந் திகதி விதி செய்தது. அந்த அரசாங்கம் நம்மை ஒன்றரை நூற்றாண்டு காலம் ஆண்ட அரசாங்கம். சட்டத்தின் ஆட்சி என்பது யாது, தனிமனித உரிமை என்பது யாது என்று உலகத்துக்கெல்லாம் பாடஞ் சொல்லிக் கொடுத்ததாகப் பெருமை பேசும் பிரித்தானிய அரசாங்கம்.

இது இலண்டனிலுள்ளவர்களின் வழக்கு, நமக்கென்ன என்று வாசகர்கள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பருத்தித்துறையிலிருந்து பொத்துவில் வரை, பிள்ளையைக் கடல் கடந்து மணமுடித்துக் கொடுத்த வீடு இல்லாத ஊரில்லை. தோட்டக்காணியை ஈடு வைத்த தந்தை, நகையை அடகு வைத்த தாய், கழுத்தில் தாலியும் கையில் விண்ணப்பப் பத்திரமுமாய்க் காத்திருக்கும் மகள் — இம்மூவரும் இல்லாத வீதியும் இல்லை. இலண்டனில் எழுதப்படும் ஒரு விதியின் ஒரு வரி, வலிகாமத்தில் ஒரு குடும்பத்தின் மூன்று பரப்புக் காணியை விழுங்கிவிடுகிறது. ஆதலால் இது நம் வழக்கே.

நாம் கூற வந்தது ஒன்றுதான். குடியேறி நிலைபெற்ற ஒருவரின் வாழ்க்கைத் துணையாகச் செல்பவருக்கு நிரந்தர வதிவுரிமை என்பது அவருடைய சொந்த உரிமையாக இருத்தல் வேண்டும். அது கணவனின் சம்பளச் சிட்டையிலே தொங்கும் சலுகையாகவும், கணவனின் தயவிலே தங்கிநிற்கும் பிச்சையாகவும் இருக்குமட்டும், சட்டம் திருமணத்தைக் காப்பதாகாது, அடிமைத்தனத்தையே காப்பதாகும். இதனை இலண்டனுக்கும் சொல்வோம். நம் வீட்டு முற்றத்திலும் சொல்வோம்.

கதவு குறுகிய வரலாறு

பிரித்தானியாவின் குடிவரவு விதிகள் ஒரே நாளில் இந்நிலைக்கு வந்தவையல்ல. 1980களில் அங்கே "முதன்மை நோக்கம்" என்றொரு விதி இருந்தது. திருமணத்தின் முதன்மை நோக்கம் நாட்டுக்குள் நுழைவது அன்று என்பதை விண்ணப்பிப்பவரே நிரூபித்தல் வேண்டும். ஒருவன் தன் உள்ளத்தில் இல்லாத ஓர் எண்ணத்தை இல்லை என்று எவ்வாறு நிரூபிப்பான்? உலகத்தில் எந்த நீதிமன்றமும் சாட்சியிடம் கேட்கக் கூசும் கேள்வியை விசா அதிகாரி மணமக்களிடம் கேட்டான். 1997ஆம் ஆண்டில் அவ்விதி ஒழிக்கப்பட்டது.

அதற்கு முன்னரே, 1985ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கண்டாலி என்னும் மூன்று பெண்களின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அங்கே நிலைபெற்ற ஆண் தன் மனைவியை அழைப்பது எளிதாகவும், நிலைபெற்ற பெண் தன் கணவனை அழைப்பது அரிதாகவும் இருந்ததைப் பால் வேற்றுமை என்று அந்நீதிமன்றம் கண்டித்தது. அரசாங்கம் செய்தது யாது? பெண்ணுக்கிருந்த தடையை நீக்கவில்லை. அதே தடையை ஆணுக்கும் பூட்டியது! இருவருக்கும் ஒரே அளவு அநீதி என்பதைச் சமத்துவம் என்று பெயரிட்டழைத்த விந்தையை என்னென்பது?

பின்னர் 2012ஆம் ஆண்டு ஜூலை 9ஆந் திகதி வந்தது. அதுவரை குடும்பத்தைப் போதியளவு பராமரிக்க முடியும் என்று காட்டினால் போதும். அன்று முதல் ஆண்டு வருமானம் 18,600 பவுண் என்று ஒரு கோடு கீறப்பட்டது. பிள்ளையும் உடன் விண்ணப்பித்தால் முதற் பிள்ளைக்கு 3,800 பவுணும், அடுத்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,400 பவுணும் கூட்டப்பட்டன. இரண்டு ஆண்டாக இருந்த தகுதிகாண் காலமும் அதே நாளில் ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது.

அக்கோடும் போதவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி அவ்வரம்பை 38,700 பவுணாக்கப் போவதாக அறிவித்தார். எதிர்ப்பு எழுந்ததும் படிப்படியாக உயர்த்துவோம் என்றார்கள், முதற்படியே 29,000. பிள்ளைக்கென்றிருந்த மேலதிகத் தொகை அத்துடன் கைவிடப்பட்டது என்பதை மறைக்காது கூறுகிறோம். 2024 ஜூலையில் ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்தி, குடிபெயர்வு ஆலோசனைக் குழுவிடம் அபிப்பிராயம் கேட்டது. அக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, திறன்மிகு தொழிலாளருக்குரிய சம்பள வரம்பைக் குடும்பங்கள்மேல் சுமத்துதல் பொருத்தமற்றது என்று கூறியதோடு, 23,000 முதல் 25,000 பவுண் வரையான வரம்பொன்றையும் எடுத்துக் காட்டியது. அரசாங்கம் தானே நியமித்த குழுவின் வாயிலிருந்தே 29,000 மிகையென்பது வெளிப்பட்டுவிட்டதன்றோ?

கூலி போதும், குடும்பம் நடத்தப் போதாது!

இனி நமது விவசாயிகள் தம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு கணக்கைப் பார்ப்போம். 2025 ஏப்ரல் முதல் பிரித்தானியச் சட்டம் வளர்ந்தோருக்கு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் ஒருவன் உழைத்தால் அவன் பெறுவது 25,397 பவுண். 29,000ஐ எட்ட இன்னும் 3,600 பவுண் குறைகிறது. எட்ட வேண்டுமாயின் வாரந்தோறும் 45 மணி நேரத்துக்கு மேல், ஆண்டு முழுவதும் ஓயாது உழைக்க வேண்டும்.

அந்தக் கூலியை நிர்ணயித்தது யார்? அதே அரசாங்கம். ஒரு தொழிலாளிக்கு இக்கூலி போதும் என்று முதலாளிக்குச் சான்று கொடுப்பது ஒரு கை. இக்கூலி பெறுபவன் மனைவியோடு வாழத் தகுதியற்றவன் என்று தொழிலாளியைத் தள்ளிவிடுவது மறு கை. எரிபொருள் நிலையத்திலே இரவெல்லாம் விழித்திருப்பவனும், கடையிலே பெட்டி சுமப்பவனும், முதியோர் இல்லத்திலே பிறர் பெற்றோரைக் குளிப்பாட்டி உணவூட்டுபவளும் அந்நாட்டுக்கு வேண்டும். அவர்களுடைய கணவனும் மனைவியும் மட்டும் வேண்டாம்!

வருமானம் இல்லாவிடின் சேமிப்பைக் காட்டலாமே என்பர். காட்டலாம். வருமானத்தை அறவே கணக்கிலெடாது சேமிப்பை மட்டும் நம்புவதாயின் 88,500 பவுண் ஆறு மாத காலம் கையிருப்பில் இருத்தல் வேண்டும். அவ்வளவு பணம் வைத்திருப்பவன் இவ்விதியைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை; கவலைப்படுபவனிடம் அவ்வளவு பணம் இருக்கப் போவதுமில்லை.

இன்னொரு வஞ்சகத்தையும் கவனிக்க. நாட்டுக்கு வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது, சாதாரணமாக அழைப்பவரின் உழைப்பே கணக்கிலெடுக்கப்படும். செல்லும் மணமகள் மருத்துவராயிருக்கலாம், கணக்காளராயிருக்கலாம், பொறியியலாளராயிருக்கலாம். அவள் அங்கே சென்று உழைக்கப் போகும் பணத்துக்குக் கணக்கில் இடமில்லை. விசா கிடைத்தபின் வேலை செய்ய அவளுக்கு உரிமையுண்டு என்று சொல்வதும் அதே சட்டம். நுழைந்தபின் உழைக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு, நுழையுமுன் அவ்வுழைப்பை இல்லையென்று கொள்வது எந்தத் தர்க்கம்?

அரசாங்கம் கூறும் நியாயங்கள்

எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேளாது தீர்ப்புக் கூறுதல் நம் தொழில் மரபன்று. ஆதலால் அவர்கள் கூறும் மூன்று நியாயங்களையும் எடுத்து ஆராய்வோம்.

முதலாவது, வருமானமற்றவரின் மனைவி பொதுப் பணத்துக்குச் சுமையாவாள் என்பது. ஆனால் வாழ்க்கைத் துணை விசாவில் செல்பவர் நிரந்தர வதிவுரிமை பெறும்வரை பொது நிதியுதவி பெறலாகாது என்னும் நிபந்தனை அவ்விசாவிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பெற முடியாத உதவியைப் பெற்றுவிடுவாள் என்று அஞ்சி அவளை வாயிலில் நிறுத்துவது, பூட்டிய களஞ்சியத்து நெல்லைக் குருவி தின்றுவிடும் என்று ஊரிலுள்ள குருவியையெல்லாம் சுடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, போலித் திருமணங்களைத் தடுக்கவே இவ்வரம்பு என்பது. போலித் திருமணம் செய்பவனிடம் பணம் இராதா? பணம் வாங்கிக்கொண்டு நடைபெறுவதே போலித் திருமணம்! ஒருவனது சம்பளச் சிட்டையைப் பார்த்து அவனுடைய அன்பு மெய்யா பொய்யா என்று அளக்கும் தராசு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மூன்றாவது, வருபவர் அந்நாட்டுச் சமூகத்தோடு ஒன்றிணைய வேண்டும் என்பது. நல்லது; ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. 2010 நவம்பர் முதல் நுழைவதற்கு முன்னரே ஆரம்ப நிலை ஆங்கிலத் தேர்வு உண்டு. விசா நீடிப்புக்கு அதற்கு அடுத்த நிலை. நிரந்தர வதிவுரிமைக்கு இடைநிலை ஆங்கிலமும் அந்நாட்டு வாழ்வு பற்றிய தேர்வும். நம் பிள்ளைகள் தேர்வுக்கு அஞ்சுபவர்களல்லர். ஆனால் கணவனை ஒரு கண்டத்திலும் மனைவியை மறு கண்டத்திலும் ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்துவிட்டு ஒன்றிணைவு பற்றிப் பேசுவதுதான் நமக்கு விளங்கவில்லை.

இவ்வழக்கு பிரித்தானிய உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்லாயிரம் தம்பதியருக்கு இவ்விதி பெருந்துன்பம் விளைவிப்பதை நீதியரசர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளின் நலனைப் பேணுங் கடமை விதிகளில் உரியவாறு பிரதிபலிக்கவில்லை என்றும், வேறு வழிகளில் வரும் பணத்தைக் கவனியாது விடுவதற்கான அறிவுறுத்தல்கள் திருத்தப்பட வேண்டும் என்றும் கூறினார்கள். எனினும் குறைந்தபட்ச வருமானம் விதிப்பது கொள்கையளவில் சட்டவிரோதமன்று என்று முடித்தார்கள். நீதிமன்றம் துன்பத்தைக் கண்டது, விதியை அழிக்கவில்லை. நீதிமன்றத்தால் அழிக்கப்படாத விதியை அரசியலால் மட்டுமே அழிக்க முடியும் என்பதே இத்தீர்ப்பு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

கட்டணமா, கப்பமா?

வருமானம் என்னும் கடலைத் தாண்டியவனுக்குக் கட்டணம் என்னும் மலை காத்திருக்கிறது. 2025 ஏப்ரல் மாதக் கட்டணப் பட்டியலை முன்வைத்துக் கூறுகிறோம். வெளிநாட்டிலிருந்து செய்யும் விண்ணப்பத்துக்கு 1,938 பவுண். சுகாதாரச் சேவைக்கென ஆண்டுக்கு 1,035 வீதம், முதல் 33 மாத விசாவுக்கு 3,105 பவுண். இரண்டரை ஆண்டு நீடிப்புக்கு 1,321 பவுணும் அதற்குரிய சுகாதாரக் கட்டணம் ஏறக்குறைய 2,588 பவுணும். ஈற்றில் நிரந்தர வதிவுரிமைக்கு 3,029 பவுண். கூட்டினால் 12,000 பவுணுக்கு இருபது பவுணே குறைகிறது. பவுணொன்று ஏறக்குறைய 400 ரூபாவாக இருந்த அவ்வாண்டின் கணக்கில் அது 48 இலட்சம் ரூபா! சட்டத்தரணியின் கூலியும் தேர்வுக் கட்டணமும் காசநோய்ப் பரிசோதனையும் விமானச் சீட்டும் இதிற் சேரா.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளையை இலண்டனுக்கு அனுப்பியவன் கணக்குப் பார்த்தால் உழக்கோடு உழவு நிலமும் மிஞ்சாது. வேலை செய்து வரி செலுத்தும் பெண்ணிடம் வரியையும் வாங்கி, அதே வரியால் நடைபெறும் வைத்தியசாலைக்கு மீண்டும் ஒரு கட்டணத்தையும் வாங்குவதற்குக் கப்பம் என்பதைத் தவிர வேறு பெயர் யாதுளது?

கணவன் கையிலே கயிறு

பணத்தால் வரும் துன்பத்தைவிடப் பெரிய துன்பம் ஒன்றுண்டு. அதனைப் பேச நம்மவர் கூசுகின்றனர். ஆயினும் பேசித்தான் ஆகவேண்டும்.

இங்கிருந்து செல்லும் மனைவி அந்த ஐந்து ஆண்டும் யாராய் வாழ்கிறாள்? அவளுடைய வதிவு கணவனோடு சேர்ந்து வாழ்வதிலே தங்கியிருக்கிறது. இரண்டரை ஆண்டு கழித்து நீடிப்புக்கு அவன் வருமானப் பத்திரம் தரவேண்டும். ஐந்து ஆண்டு கழித்து நிரந்தர உரிமைக்கும் அவன் பத்திரம் தரவேண்டும். நல்லவன் தருவான். அல்லாதவன் அதனையே சாட்டையாக்குவான். "கடிதம் கொடுக்கமாட்டேன், ஊருக்கு அனுப்பிவிடுவேன்" என்னும் ஒரு வாக்கியம் போதும். அடியையும் வசையையும் வாய்திறவாது தாங்குவாள். ஊரிலே காணியை ஈடு வைத்த தகப்பன் முகம் அவள் கண்முன் நிற்கும். இந்தக் கயிற்றைக் கணவன் கையிற் கொடுத்தது சட்டமே.

இத்தகைய பெண்களுக்கு அதே விதிகளில் ஒரு வாயில் திறந்திருப்பதை நம் பெண்களுள் எத்தனைபேர் அறிவர்? குடும்ப வன்முறையால் மணவாழ்வு முறிந்ததென்று காட்டினால், பிரித்தானியப் பிரசையின் அல்லது அங்கு நிலைபெற்றவரின் வாழ்க்கைத் துணையாகச் சென்றவர், ஐந்து ஆண்டு முடியும்வரை காத்திராது, நேரே நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கையிற் பணமில்லாதவருக்கு, அவ்விண்ணப்பம் தயாரிக்கும் மூன்று மாத காலத்துக்குப் பொது நிதியுதவி பெறும் சலுகை 2012 முதல் வழங்கப்பட்டது. கணவன் இறந்துபட்டால் விதவைக்கும் நேரே நிரந்தர உரிமைக்கு வழியுண்டு. அடி தாங்கமுடியாது வெளியேறினால் நாடு கடத்தப்படுவாய் என்று கணவன் வீட்டார் சொல்வது சட்டமன்று, மிரட்டல்.

இன்னொரு கொடுமையும் உண்டு. விடுமுறை என்று சொல்லி மனைவியை ஊருக்கு அழைத்து வந்து, அவளுடைய கடவுச்சீட்டையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு கணவன் மட்டும் திரும்பிச் சென்றுவிடுவது. பிறந்த வீட்டிலே விடப்பட்ட அப்பெண்ணைப் பார்த்து ஊர் "வாழாவெட்டி" என்கிறது. ஊர் அறியாத செய்தி இது: 2022இல் பிரித்தானிய மேல் நீதிமன்றம் அவ்வாறு கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில் விதியின் குறையைக் கண்டித்தது. அதன் பயனாக, 2024 ஜனவரி 31 முதல், வெளிநாட்டிலே கைவிடப்பட்ட மனைவி அங்கிருந்தவாறே நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்க விதி இடமளித்தது. கைவிடப்பட்டவளுக்குத் தேவை சோதிடரல்லர். குடிவரவுச் சட்டம் அறிந்த சட்டத்தரணி.

கனடா கற்ற பாடம்

வேறு வழியே இல்லையா என்பார்க்குக் கனடாவைக் காட்டுவோம். அங்கே நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர் தம் மனைவியை அழைக்கும்போது, சாதாரணமாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒரு கோடு இல்லை. மூன்று ஆண்டுக்குப் பராமரிப்பேன் என்று உறுதிமொழி கொடுத்தல் வேண்டும். அழைப்பவர் அரச உதவிப் பணத்தில் வாழ்பவராக இருத்தல் பொதுவாக ஆகாது. 2024 ஏப்ரல் இறுதியில் உயர்த்தப்பட்ட பின்னரும் அடிப்படைக் கட்டணம் 1,205 டொலர். எல்லாவற்றுக்கும் மேலாக, இசைவு பெற்று அந்நாட்டில் இறங்கும் மனைவி அன்றே நிரந்தர வதிவாளர். கயிறு கணவன் கையில் இல்லை.

ஆயினும் கனடாவும் ஒருமுறை தவறிற்று. 2012 அக்டோபரில், மணமாகி இரண்டு ஆண்டுக்கு மேற்படாத, பிள்ளையற்ற தம்பதியருக்கு ஒரு நிபந்தனை விதித்தது: இரண்டு ஆண்டு சேர்ந்து வாழாவிடின் உரிமை பறிபோகும். போலித் திருமணத்தைத் தடுக்கவே இது என்றார்கள். விளைவு யாது? உரிமை போய்விடுமே என்று அஞ்சிப் பெண்கள் கொடுமைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் அபாயத்தை அரசாங்கமே ஏற்று, 2017 ஏப்ரல் 18ஆந் திகதி அந்நிபந்தனையை நீக்கியது. கனடா பரிசோதித்துக் கைவிட்டது இரண்டு ஆண்டுக் கயிறு. பிரித்தானியா பிடித்திருப்பதோ ஐந்து ஆண்டுக் கயிறு. ஜெர்மனியிலோ, மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்தபின் மனைவிக்குத் தனித்த வதிவுரிமை பிறக்கிறது. கொடுமைக்குள்ளானவருக்கு அதற்கு முன்னரும் வழியுண்டு. ஒருவருடைய உரிமை எத்தனை நாள் இன்னொருவர் கையில் இருத்தல் தகும் என்பதே எங்குமுள்ள கேள்வி. ஒருநாளும் தகாது என்பதே நம் விடை.

நாம் மறக்கலாகாத 1949

வருமானம் காட்டு, மனைவி எங்கே இருந்தாள் என்று காட்டு என்னும் இக்குரல் நம் காதுக்குப் புதிதா? 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். இந்நாட்டைத் தன் வியர்வையால் வளமாக்கிய மலைநாட்டுத் தமிழனிடம் அச்சட்டம் கேட்டவை யாவை? 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன் மணமானவனாயின் ஏழு ஆண்டு, மணமாகாதவனாயின் பத்து ஆண்டு தொடர்ந்த வதிவு. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் பராமரிக்க நிச்சயமான நியாய வருமானம் அல்லது சட்டபூர்வமான பிழைப்பு வழி. மணமானவனாயின் அவன் மனைவியும் இந்நாட்டிலே தொடர்ந்து வதிந்திருத்தல்.

மனைவி கடலுக்கு அப்பாலுள்ள பிறந்தகத்தில் தங்கியிருந்தது கணவனின் உரிமைக்கே குறுக்கே நின்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. 1960களின் தொடக்கம் வரை உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. எஞ்சியோரின் தலைவிதியை 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தமாக எழுதி, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். எத்தனை குடும்பங்கள் கப்பலேறும் இடத்திலே இரண்டாய்ப் பிளந்தன! அந்த அநீதியின் மிச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

மலைநாட்டாரின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டபோது, நாளை இது நமக்கும் என்று எச்சரித்துத் தனிவழி சென்றார் திரு. சா. ஜே. வே. செல்வநாயகம். வடக்கிலும் கிழக்கிலும் வசதியாக வாழ்ந்த பலர் அன்று "அது தோட்டத்தாரின் பிரச்சினை" என்று வாளாவிருந்தனர். அப்படி இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேற்று நாட்டு அதிகாரியின் மேசைமுன் வருமானப் பத்திரத்தோடும் மணப்படத்தோடும் நிற்கிறார்கள். ஏழையின் குடும்பம் ஒன்றாக வாழ்வதற்கு விலை குறிக்கும் சட்டம் எங்கே எழுதப்பட்டாலும் அது நமக்கு எதிரான சட்டமே.

நம் வீட்டு முற்றத்தில்

இலண்டனைக் கண்டித்தாயிற்று. இனி நம்மை நாமே கேட்போம்.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது என்று விதித்தது. கைவிட்டுச் சென்ற கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறலாம் என்பதும் அதிலேயே உண்டு. சீதனமாகத் தன் பெயருக்கு எழுதிய காணியையே விற்க, கடலுக்கு அப்பால் வேறொரு குடும்பம் நடத்துபவனின் கையெழுத்தைத் தேடுவது எவ்வளவு பெரிய அவலம்! பிரித்தானியச் சட்டம் அவளுடைய வதிவுரிமையைக் கணவன் கையில் வைத்தது. நம் தேசவழமை அவளுடைய காணியைக் கணவன் கையில் வைத்தது. முன்னதை எதிர்க்கும் நாவு பின்னதைப் போற்றுமாயின் அந்நாவுக்கு நியாயம் பேசும் தகுதியில்லை.

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம். பத்துப் பரப்பு வாங்குவதற்குத் தோம்பையும் உறுதியையும் முப்பது ஆண்டு பின்னோக்கிப் புரட்டும் நாம், வெளிநாட்டு மாப்பிள்ளை என்றதும் ஒரு பத்திரத்தையும் பாராது பெண்ணைக் கொடுக்கிறோம். இனிமேல் சம்பந்தம் பேசுமுன் இவற்றைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

மாப்பிள்ளைக்கு அங்கே உள்ள நிலை யாது? பிரசையா, நிரந்தர வதிவாளரா, தற்காலிக விசாவா? ஒவ்வொன்றுக்கும் மனைவியின் வழி வெவ்வேறு. பிரித்தானிய அரசாங்கம் 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் நிரந்தர உரிமைக்கான பொதுக்காலத்தைப் பத்து ஆண்டாக்க முன்மொழிந்தபோது, ஐந்து ஆண்டு வழி தொடரும் என்று வாக்களித்தது பிரித்தானியப் பிரசைகளைச் சார்ந்தோருக்கே. ஆகையால் பிரசாவுரிமை பெறும் தகுதியிருந்தும் பெறாதிருப்பவர் இனியும் தாமதித்தல் தகாது.

சம்பளம் எவ்வளவு, சிட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஆறு மாதமாக ஒத்து வருகிறதா? கையில் வாங்கும் காசு விசாவுக்கு உதவாது. பொய்ச் சிட்டையோ விண்ணப்பத்தையே கொல்லும். திருமணம் முறைப்படி பதிவு செய்யப்படுமா? தாலி ஊருக்குச் சான்று. அதிகாரிக்குச் சான்று பதிவுப் பத்திரமே. முதலில் வருகை விசாவில் அனுப்பி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறாரா தரகர்? சாதாரணமாக அதற்கு விதி இடங்கொடாது. அவரை வாயிலோடு அனுப்பிவிடுங்கள். கனடா மாப்பிள்ளையாயின், முன்னர் தாம் ஒருவரால் அழைக்கப்பட்டுச் சென்றவரா என்று கேளுங்கள். அப்படியாயின் நிரந்தர உரிமை பெற்று ஐந்து ஆண்டு கழியுமுன் அவர் புதிய மனைவியை அழைக்க முடியாது.

பெண்ணின் கடவுச்சீட்டும், பதிவுப் பத்திரமும், விசாக் கடிதங்களின் பிரதியும் அவள் கையிலேயே இருக்கட்டும். ஒரு பிரதி பெற்றோரிடமும் இருக்கட்டும். சீதனத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை அவளுடைய ஆங்கிலத்துக்கும் தொழிற் கல்விக்கும் செலவிடுங்கள். அது எந்தக் கணவனாலும் பறித்துக்கொள்ள முடியாத சீதனம்.

வாக்கு என்னும் ஆயுதம்

கடல் கடந்து வாழும் நம்மவருக்கும் ஒரு சொல். இலங்கை பொதுநலவாய நாடு. ஆதலால் பிரித்தானியாவில் முறையாக வதியும் இலங்கைப் பிரசை, பிரித்தானியப் பிரசையாகாத நிலையிலும், அந்நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையுடையவர். அவ்வுரிமையைப் பதிந்து வைத்திருப்போர் எத்தனைபேர்? கோயில் திருவிழாவுக்குத் திரளும் கூட்டம் வாக்காளர் இடாப்பில் திரண்டால், எந்தக் கட்சி வேட்பாளரும் நம் கேள்விக்கு விடை சொல்லாது வீதியைக் கடக்க முடியாது.

கேட்க வேண்டியவை நான்கு. முழுநேரக் கூலி பெறும் எந்தத் தொழிலாளியையும் விலக்கும் வருமான வரம்பு நீங்குக. செல்லும் துணையின் உழைப்பும் திறமையும் கணக்கில் ஏறுக. கட்டணம் அலுவலகச் செலவுக்கு மிகாதிருக்க. மனைவியின் வதிவுரிமை கணவனின் கையெழுத்திலிருந்து விடுதலை பெறுக. இந்நான்கும் பிச்சையல்ல, உழைத்து வரி செலுத்தி, சட்டத்துக்கு அடங்கி வாழும் மக்களின் நியாயமான கோரிக்கை.

இங்குள்ள நம் கடமையும் தெளிவானது. ஒவ்வொரு ஊரிலும் உள்ள சட்டத்தரணிகள் மாதத்தில் ஒருநாளையேனும் இக்காரியத்துக்கு ஒதுக்கட்டும். வாசிகசாலைகளிலும் கமக்காரர் சங்கங்களிலும் அமர்ந்து, வரும் பெற்றோருக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் கூலி வாங்காது விளக்கம் சொல்லட்டும். தரகர் ஆயிரம் சொல்லி ஏமாற்றும் இடத்தில், நாம் ஓர் உண்மையைச் சொல்லிக் காப்பாற்றலாம்.

காணியை இழந்த தந்தை மீண்டும் உழைத்து வாங்கலாம். பிரிவிலே கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தரப் போவதில்லை. ஆகவே இன்றே தொடங்குவோம்.